இரு விரல்களால் இசை வென்ற ஜாங்கோ

ரோமா எனும் நாடோடிக் குடியில், 1910இல் பெல்ஜியத்தில் பிறந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். அக்குடியினரின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவினின்று சென்றவர்கள். ஐரோப்பாவில் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். முறையான பள்ளிக்கல்வி பெறாத ஜாங்கோ, இளமையிலேயே பாஞ்சோ வாசிப்பில் தேர்ந்தார். 1928இல் அவரது வண்டிவீடு தீப்பற்றியது. இடக்கையின் மோதிரவிரலும் சிறுவிரலும் செயலிழந்தன. கிதாரின் நரம்புகளை அழுத்திச் சுரம் பிறப்பிப்பது இடக்கையே. எனினும் அவர் சோர்ந்திலர். சுட்டுவிரலையும் நடுவிரலையும் முதன்மையாகக் கொண்டு, மருத்துவமனையிலேயே கிதாரைப் புதிதாய்ப் பயின்றார். 1934இல் பாரிசில் ஸ்டீபன் கிராப்பெல்லியுடன் அமைத்த நரம்பிசைக் குழுவால் உலகப்புகழ் எய்தினார்; 1953இல் மறைந்தார். சங்கரன்கோயில் வட்டார இளைஞர்களே! கை தளர்ந்ததென்று கருவியைக் கைவிடற்க. கைக்கேற்ற முறையை நாமே வகுப்போம்.