மாருதி 800 எஞ்சினில் ஒரு ரேஸ் கார்: யார் இந்த கோவை கரிவரதன்?

கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கார் பந்தயத் தளத்தின் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. பெயரை முதல்முறை கேட்கிறவங்க, நிலக்கரிக்கும் கார் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்னு யோசிப்பாங்க. ஆனா 'கரி' என்பது ஒரு மனிதரின் பெயர். முழுப்பெயர் எஸ். கரிவரதன். நண்பர்களுக்கும் ரேஸ் உலகத்துக்கும் அவர் வெறும் கரிதான்.

இந்தியாவிலிருந்து போய் ஃபார்முலா 1 பந்தயத்தில் கார் ஓட்டியவர்கள் இதுவரைக்கும் ரெண்டே பேர். ஒருத்தர் கோவை நரேன் கார்த்திகேயன், இன்னொருத்தர் சென்னை கருண் சந்தோக். இந்த ரெண்டு பேரும் ஆரம்ப நாட்களில் ஓட்டிப் பழகியது ஒரே வகைக் காரை. அந்தக் காருக்குள்ள இருந்தது, அந்தக் காலத்தில் பாதி ஊர் வாசல்களில் நின்ன மாருதி 800 காரோட எஞ்சின். அந்தக் காரை உருவாக்கியவர் கரி.

அப்படி என்ன செஞ்சார் கரி? ஏன் இன்னும் அவர் பெயரைச் சொல்றாங்க? பார்க்கலாம்.

பட்டறைகளின் ஊர்

கரிவரதன் 1954-ல் பிறந்தவர். கோவையின் தொழிலதிபர் குடும்பம். காசுக்குக் குறைவில்லாத வீடு. ஆனா அவரைப் புரிஞ்சுக்க வீட்டைவிட ஊரைத்தான் முதலில் பார்க்கணும்.

1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆலை இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைஞ்சா, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது. இங்கேயே வார்த்து, இங்கேயே கடைஞ்சு மாட்டியாகணும். அப்படித்தான் பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கமெல்லாம் ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் வளர்ந்தன. பம்பும் மோட்டாரும் செய்யற ஊரா கோவை மாறினது இந்தப் பழக்கத்தில்தான்.

இந்த ஊருக்கு முன்னோடிகளும் உண்டு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஒரு பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கின ஜி.டி. நாயுடு, பின்னாளில் எஞ்சின், மோட்டார், ரேசர்னு எதையும் விட்டுவைக்காமல் கழட்டி, ஆராய்ஞ்சு, செஞ்சு பார்த்தவர். இல்லாத பொருளை நாமே செஞ்சுக்கலாம் என்ற தைரியம் கொங்கு மண்ணில் ரொம்ப சாதாரண விஷயம். கரிக்கும் அது ஊரிலிருந்தே வந்தது.

சோழவரம் நாட்கள்

1970-களிலும் 80-களிலும் தென்னிந்தியாவில் கார் ரேஸ்னா அது சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். பந்தயத்துக்குன்னு கட்டின தளம் கிடையாது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்தின ரேஸைப் பார்க்க பெரிய கூட்டம் திரளும்.

அங்கே ஓடின கார்களைப் பார்த்தாலே அன்றைய நிலைமை புரியும். ஒரு பக்கம் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். நம்ம சாலையில் ஓடின அதே கார்கள்தான். சீட்டைக் கழட்டி, எடையைக் குறைச்சு, எஞ்சினை முறுக்கேத்தி ஓட்டுவாங்க. இன்னொரு பக்கம், வெளிநாட்டிலிருந்து வந்த அசல் ரேஸ் கார்கள். தொழிலதிபர் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து இங்கே ஓட்டினார்.

அப்போ இறக்குமதி வரி ரொம்ப அதிகம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு வேற. ஒரு ரேஸ் காரை வெளிநாட்டில் வாங்கி இங்கே இறக்கறது பெரிய பணக்காரர்களால் மட்டுமே முடிஞ்ச காரியம். திறமை இருக்கிற ஒரு நடுத்தர வீட்டுப் பையன் ஃபியட்டை முறுக்கேத்தி ஓட்டலாம். அதுக்கு மேல போக ஏணி கிடையாது.

கரி இந்தப் பந்தயங்களில் முன்னணியில் ஓட்டினவர். வண்டியை வெறுமனே ஓட்டுவதோடு நிக்காம, அதைக் கட்டமைக்கவும் தெரிஞ்சவர். அவர் நினைச்சிருந்தா ஆயுசு முழுக்க இறக்குமதி கார்களை ஓட்டிக் கோப்பைகளைச் சேர்த்துக்கிட்டே இருந்திருக்கலாம். அவர் கவனம் அந்த இல்லாத ஏணி மேல திரும்பிச்சு.

சிங்கிள் சீட்டர் ஏன் முக்கியம்?

ஃபார்முலா வகை கார்னா என்ன? ஒரே ஒரு ஆள் உட்காரும் கார். நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே திறந்து நிக்கும். ஓட்டுநர் கிட்டத்தட்ட படுத்த மாதிரி, தரையை ஒட்டி உட்காருவார். வீட்டுக் காரை முறுக்கேத்தி ஓட்டறவருக்கு இந்த மாதிரி காரின் போக்கு பிடிபடாது. ஃபார்முலா 3, ஃபார்முலா 1-னு மேலே போகணும்னா சின்ன வயசிலேயே இதில் உட்கார்ந்து பழகணும்.

மற்ற நாடுகளும் இதே சிக்கலைச் சந்திச்சவைதான். அவங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமை. சாலையில் ஓடும் சாதாரண காரின் எஞ்சினை எடு, எடை குறைஞ்ச ரேஸ் சட்டகத்தில் பொருத்து. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பாகங்களை வெச்சு ஃபார்முலா வீ பிறந்தது. இங்கிலாந்தில் 1967-ல் ஃபோர்டு கார் எஞ்சினோட ஃபார்முலா ஃபோர்டு தொடங்குச்சு. பிரேசிலின் அயர்டன் சென்னா இங்கிலாந்து வந்து முதலில் ஓட்டினது அந்த ஃபார்முலா ஃபோர்டில்தான்.

எஞ்சினை மாத்தறது நம்ம ஊருக்கும் புதுசில்ல. பெட்ரோல் அம்பாசடருக்குள் மெடடோர் வேனோட டீசல் எஞ்சினை இறக்கின பட்டறைகள் எத்தனையோ. அது செலவைக் குறைக்கச் செஞ்ச மாற்றம். கரி செய்ய நினைச்சது வேகத்துக்கான மாற்றம். அதுக்குப் பொருத்தமான எஞ்சின் அம்பாசடரிலும் இல்ல, ஃபியட்டிலும் இல்ல.

வந்தது மாருதி

1983 டிசம்பர் 14. முதல் மாருதி 800 காரின் சாவி கைமாறுச்சு. ஜப்பானின் சுசுகி வடிவமைச்ச 796 சிசி எஞ்சின். மூணே சிலிண்டர். அம்பாசடர் எஞ்சினோட ஒப்பிட்டா கையடக்கமானது, எடையும் குறைவு. சில வருஷத்திலேயே நாடு முழுக்க மாருதி பரவுச்சு. அப்படின்னா உதிரி பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும். மெக்கானிக்கும் எல்லா ஊரிலும் கிடைப்பார்.

இன்னொரு வசதியும் இருந்துச்சு. மாருதி 800 முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார். எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்காக ஒரே பொட்டலமா முன்னாடி உட்கார்ந்திருக்கும். அந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வெச்சா, அது பின்சக்கரங்களைச் சுழற்றும். ரேஸ் காருக்கு வேண்டிய அமைப்பும் அதுதான். எடை நடுவுக்கும் பின்னுக்கும் வந்துடும், முன்பக்கம் மெலிசாகும், வளைவில் திருப்பறது சுலபமாகும்.

1988 வாக்கில் கரியின் கார் தயாராச்சு. அதிகாரப்பூர்வப் பெயர் ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின். சுருக்கமா ஃபிஸ்மி. மக்கள் வாயில் ஃபார்முலா மாருதி. ஜப்பான் எஞ்சின், கோவையில் உருவான கார். இந்தியாவிலேயே வடிவமைச்சு, பல பேர் ஓட்டற அளவுக்கு எண்ணிக்கையில் தயாரான நுழைவுநிலை ஃபார்முலா கார் இதுதான்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்குன்னே ஒரு தளம் உருவாச்சு. 3.7 கி.மீ நீளம். சோழவரம் காலம் முடிஞ்சு, புது தளமும் புது காரும் ஒண்ணா வந்த நேரம் அது.

சின்ன எஞ்சின் கத்துக்கொடுத்த பாடம்

வீட்டுக் காரில் அந்த எஞ்சின் தந்த சக்தி 40 குதிரைத்திறனைக்கூடத் தொடல. இதை வெச்சு ரேஸான்னு சிரிக்கத் தோணும். ஆனா பயிற்சிக்கு இந்தக் குறைதான் பெரிய பலம்.

சக்தி அதிகமான காரில் வளைவில் தப்பு பண்ணினாலும், நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரை மிதிச்சு ஈடுகட்டிடலாம். சின்ன எஞ்சினில் அது நடக்காது. தேவையில்லாம ஒரு தடவை பிரேக் மிதிச்சா, இழந்த வேகத்தைத் திரும்பப் பிடிக்கறதுக்குள்ள நாலு பேர் தாண்டிப் போயிடுவாங்க. அதனால எங்கே பிரேக் பிடிக்கணும், எந்தக் கோட்டில் வளையணும், முன்னாடி போற கார் காற்றைக் கிழிக்கும்போது அதுக்குப் பின்னால் எப்படி ஒட்டிக்கணும்னு ஒவ்வொண்ணையும் ஓட்டுநர் கத்துக்கிட்டே ஆகணும்.

இன்னொண்ணு, எல்லாருக்கும் ஒரே மாதிரி கார். அப்பா எவ்வளவு பெரிய ஆள்ங்கறது ஸ்டார்ட் கோட்டைத் தாண்டினதும் பெருசா உதவாது. முன்னாடி போறவன் நல்லா ஓட்டறான், அவ்வளவுதான்.

ரேஸ் அதுக்கப்புறம் ஏழைகளோட விளையாட்டா மாறிடுச்சுன்னு சொல்ல முடியாது. டயர், எரிபொருள், பயணம், பழுதுன்னு செலவு இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ஆனா வெளிநாட்டுக் கார் வாங்கினாத்தான் சிங்கிள் சீட்டரில் உட்காரவே முடியும் என்ற நிலை மாறிச்சு. உடைஞ்சா பக்கத்து ஊர்க் கடையில் பாகம் வாங்கிப் போடலாம்.

ரெண்டு பேர், ஒரே தொடக்கம்

நரேன் கார்த்திகேயன் 1977-ல் பிறந்தவர். அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் பேர்பெற்ற ராலி வீரர். நரேன் டீன் ஏஜ் வயசில் ஸ்ரீபெரும்புதூர் தளத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டினார். அங்கிருந்து பிரான்ஸில் பயிற்சிப் பள்ளி, பிரிட்டன் பந்தயங்கள், 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன் பட்டம். கடைசியா 2005-ல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1-ல் களமிறங்கின முதல் இந்தியர் ஆனார். அதே வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் டயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலக, ஆறே கார்கள் ஓடின. அதில் நாலாவதா வந்து 5 புள்ளிகள் எடுத்தார்.

கருண் சந்தோக் 2000-ல் ஃபார்முலா மாருதியில் தேசிய பட்டம் வென்றார். அடுத்த வருஷம் ஃபார்முலா ஆசியா பட்டம். 2010-ல் ஃபார்முலா 1.

ஒருத்தர் கோவை, ஒருத்தர் சென்னை. நடுவில் பத்து வருஷ இடைவெளிகூட இல்ல. ரெண்டு பேரோட கதையிலும் தொடக்கத்தில் அதே மூணு சிலிண்டர் எஞ்சின்.

கரி பார்க்காத நாட்கள்

இதில் எந்த ஃபார்முலா 1 பந்தயத்தையும் பார்க்க கரி இல்லை. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். வயது 40-களின் தொடக்கம்தான். நரேனுக்கு அப்போ 18 வயசு. ஃபார்முலா 1-க்குப் போக இன்னும் 10 வருஷம் பாக்கி.

ஒரு ரேஸ் வீரர் மட்டுமா இருந்திருந்தா, அவரோட கதை அதோட முடிஞ்சிருக்கும். கோப்பைகள் வீட்டு அலமாரியில் இருக்கும், பழைய ரசிகர்கள் அவ்வப்போது பேசுவாங்க. ஆனா கரி விட்டுட்டுப் போனது அடுத்தவங்க ஓட்டற கார். அவர் போன பிறகும் பல வருஷம் ஃபார்முலா மாருதி பந்தயங்கள் நடந்தன. அவர் முகத்தைக்கூடப் பார்க்காத பசங்க அந்தக் காரில் உட்கார்ந்து பெல்ட் மாட்டினாங்க.

பெயர் இருக்கு, வழியும் இருக்கு

2000-களின் தொடக்கத்தில் செட்டிப்பாளையத்தில், விமான ஓடுதளமாக இருந்த இடத்தில், 2.1 கி.மீ நீளத்துக்குப் பந்தயத் தளம் வந்துச்சு. கோவையின் எல்.ஜி.பி நிறுவனத்தைச் சேர்ந்த முன்னாள் ராலி வீரர் பி. விஜயகுமார் இதில் முக்கியப் பங்கு வகிச்சவர். தளத்துக்கு வெச்ச பெயர் கரி. தேசிய அளவிலான பந்தயங்கள் இப்பவும் இங்கே நடக்குது.

அந்தத் தளத்தில் ஓடற எல்.ஜி.பி ஃபார்முலா 4 காரைக் கவனிச்சிருக்கீங்களா? ஒல்லியான ஒத்தை சீட் கார். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் மாருதி ஸ்விஃப்ட் எஞ்சின். 800 போய் ஸ்விஃப்ட் வந்திருக்கு, சக்தி கூடியிருக்கு. ஆனா கணக்கு அதேதான். ஊரெல்லாம் கிடைக்கிற எஞ்சின், கோவையில் கட்டின கார், எல்லாருக்கும் ஒரே வண்டி.

ஃபார்முலா 1-ல் மூணாவதா ஒரு இந்தியர் எப்போ ஓட்டுவார்னு தெரியாது. அப்படி ஒருத்தர் வந்தா, ஆரம்பத்தில் என்ன கார் ஓட்டினார்னு தேடிப் பாருங்க. அதில் கோவைக்கும் கரிக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.