யார் இந்த ஸ்மீட்? சாலை மரணங்களை நாடு நாடாக எண்ணிய மனிதர்

சேலம் - உளுந்தூர்பேட்டை நான்கு வழிச்சாலையில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் மாதிரி ஊர்களின் புறவழிச்சாலைகள் மட்டும் இரு வழியாகவே கட்டப்பட்டன. வேகமாக வரும் வண்டிகள் திடீர்னு நேருக்கு நேர்! விபத்துகள் நடந்து, மக்கள் வருஷக்கணக்கில் கேட்ட பிறகே அகலப்படுத்த வழி பிறந்தது.

சாவு ஒரு அளவைத் தாண்டினால்தான் ஜனங்க கொதிப்பாங்க, அப்புறம்தான் விதிகள் இறுகும். இப்படி நம்பியவர்தான் ரூபன் ஸ்மீட்.

1909-ல் பிறந்த பிரிட்டிஷ் புள்ளியியலாளர். இரண்டாம் உலகப் போரில், திரும்பி வராத குண்டுவீச்சு விமானங்களை ஆராய்வது இவர் வேலை. பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் அப்போது இவருக்குக் கீழே வேலை பார்த்தவர். போர் முடிந்ததும் ஸ்மீட் சாலை ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். எண்ணியது மட்டும் மாறவில்லை, அங்கேயும் மரணங்கள்தான்.

1949-ல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் திருப்புமுனை. 20 நாடுகளின் 1938-ம் ஆண்டுக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு நாட்டின் மக்கள்தொகையும் வாகன எண்ணிக்கையும் தெரிந்தால், சாலை மரணங்களை ஏறக்குறைய கணித்துவிடலாம் என்று ஒரு சூத்திரம் கொடுத்தார். தலைக்கு இத்தனை வண்டி என்ற விகிதம் கூடக் கூட, ஒரு வண்டிக்கான மரணம் தானாகவே குறையும் என்பது அதன் சாரம்.

இது ஏன் முக்கியம்? '10,000 வாகனங்களுக்கு மரணம் குறைந்துவிட்டது' என்று ஒரு அரசு சொன்னால், அது சாதனையா, வெறும் வண்டி விற்பனையா என்று கேட்கலாம். நம்ம ஊர் அறிக்கைகளிலும் இந்த விகிதம் இருக்கிறது.

போட்டுப் பார்ப்போம். சுமார் 140 கோடி மக்கள், 35 கோடி வாகனங்கள் என்று வைத்தால் இந்தியாவுக்கு ஸ்மீட் கணக்கு சுமார் 2.6 லட்சம் மரணம். 2022-ல் நடந்தது 1,68,491. பரவாயில்லையே என்று தோன்றுகிறதா? பிரிட்டனுக்கு அதே சூத்திரம் 16,000-க்கு மேல் சொல்கிறது. அங்கே நடந்தது சுமார் 1,700, அதாவது பத்தில் ஒரு பங்கு. அதே 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள்.

ஆக, சூத்திரம் தலைவிதி இல்லை. பிரிட்டனிலேயே 1966-ல் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தார்கள். மறுவருஷம் குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்க மூச்சுப் பரிசோதனை வந்தது. அதன்பின் பல பணக்கார நாடுகள் ஸ்மீட் கோட்டுக்குக் கீழே போய்விட்டன. அவருடைய சூத்திரத்துக்கு ஹெல்மெட்டும் தெரியாது, கல்வராயன் மலை வளைவில் பைக்கில் மூணு பேர் போவதும் தெரியாது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்களில் 44.5% பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

நெரிசலுக்குக் கட்டணம் வசூலிக்கலாமா என்று ஆராய்ந்த 1964-ம் ஆண்டு அறிக்கையும் ஸ்மீட் பெயரில்தான் இருக்கிறது. பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் போக்குவரத்துப் பேராசிரியரானார். 1976-ல் காலமானார். பிரிட்டனில் முன் இருக்கைக்கு சீட் பெல்ட் கட்டாயமானது அதற்கு 7 வருஷம் கழித்து, 1983-ல்.