தாதி சிபில் கார்த்திகேசு

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியே இறங்கினால் பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கை அடையலாம். ஈயத்திற்குப் பெயர்பெற்ற அப்பள்ளத்தாக்கில், ஈப்போவிற்கு அருகே, பாபான் என்னும் சிற்றூர் உள்ளது. ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் ஊரும் ஓய்ந்துவிட்டது. ஆயினும் அவ்வூரின் பிரதானச் சாலையிலுள்ள 74ஆம் எண் கடைவீட்டைத் தேடி இன்றும் மக்கள் வருகிறார்கள். சிபில் கார்த்திகேசு அம்மையார் வாழ்ந்த வீடு அது.

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்தார். அவர் யுரேசியக் குடும்பத்தைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர். தாயார் மருத்துவச்சி. மகளும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். தைப்பிங்கில் பிறந்த தமிழரான மருத்துவர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளையை 1919இல் கோலாலம்பூர் புனித ஜான் தேவாலயத்தில் மணந்தார். மணமகன் கிறிஸ்துவ சமயத்தை ஏற்று, ஏ.சி. கார்த்திகேசு என்று அழைக்கப்பட்டார். இருவரும் 1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருந்தகம் நடத்தினர். சிபில் கண்டோனிய மொழியைச் சரளமாகப் பேசுவார். நோயாளியிடம் அவர் மொழியிலேயே பேசும் தாதிக்கு இருக்கும் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவிற்குள் நுழைந்தனர். ஈப்போ வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன் குடும்பம் பாபானுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் சீனர். அரிசியும் மருந்தும் அரிதாகிவிட்ட காலம் அது. ஊரார் தம் நோய்களுக்கு அம்மையாரை நாடினர்.

பகலில் ஊரார் வந்தனர்; இரவில் வேறு சிலர் வந்தனர். காட்டிலிருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர்தாம் அவர்கள். அப்படையை வழிநடத்தியது கம்யூனிஸ்டுக் கட்சி. அம்மையாரோ இறைநம்பிக்கையில் ஊறியவர். காயத்தோடு கதவைத் தட்டியவரிடம் அவர் கொள்கை கேட்கவில்லை. அயலான் யார் என்பதற்கு விவிலியத்தில் வரும் நல்ல சமாரியன் கதை கூறும் விடையை, அந்தக் கடைவீட்டில் அவர் வாழ்ந்துகாட்டினார் எனலாம். மருந்து கொடுத்தார், குண்டடிபட்டோருக்குச் சிகிச்சை செய்தார். மறைத்து வைத்திருந்த வானொலிப் பெட்டியில் பிபிசி செய்திகளைக் கேட்டுப் பிறருக்கும் தெரிவித்தார். அகப்பட்டால் உயிர் போகும் என்பதை அறிந்தே இவற்றைச் செய்தார்.

1943ஆம் ஆண்டு அவர் கைதானார். கணவரும் வளர்ப்பு மகன் வில்லியமும் சிறைப்பட்டனர். கெம்பெய்த்தாய் எனப்படும் ஜப்பானிய இராணுவக் காவல்துறையினர் அவரைக் கொடுமையாக வதைத்தனர். நீரைப் புகட்டி வதைத்தனர். பூட்ஸ் காலால் தாடையில் உதைத்தனர். எதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. பின்னர், ஏழு வயதே ஆன மகள் டோனை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினர். போராளிகளின் பெயர்களைச் சொல்வதா, பெற்ற குழந்தையைக் காப்பதா? ஒரு தாய்க்கு இதைவிடக் கொடிய கேள்வி இருக்க முடியாது. அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கடைசியில் சிறுமி உயிருடன் இறக்கப்பட்டாள். தாயார் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார்.

1945இல் போர் முடிந்து விடுதலை கிடைத்தபோது அவர் உடல் மிகவும் நலிந்திருந்தது. சிகிச்சைக்காக விமானம் மூலம் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தம் நினைவுகளை நூலாக்கத் தொடங்கினார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1954இல் வெளிவந்தது. வீரச் செயலுக்கான ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் தாடைக் காயம் ஆறவேயில்லை. அதனால் இரத்தம் நஞ்சாகி, 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம், தம் 48ஆம் வயதில் காலமானார்.

முதலில் ஸ்காட்லாந்தின் லானார்க் நகரில் அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், 1949இல் ஈப்போவிற்குக் கொண்டுவரப்பட்டு, கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. ஈப்போ ஃபேர் பார்க் பகுதியில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பாபானின் 74ஆம் எண் வீடு இப்போது அவருடைய நினைவில்லமாக உள்ளது.