குத்தூசியால் பார்வை போச்சு... ஊசியாலேயே எழுத்து வந்துச்சு! யார் இந்த லூயி பிரெயில்?

சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு பொதுத்தேர்வு மையத்தை நினைத்துப் பாருங்கள். பார்வையில்லாத மாணவர் ஒருவர் விடையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதுகிறார். மாணவர் 'மணம்' என்று சொன்னதை அவர் 'மனம்' என்று எழுதிவிட்டால்? மாணவருக்கு அது தெரியவே போவதில்லை. ஆனா மார்க் குறைவது அவருக்குத்தான்.

காதால் கேட்டால் மட்டும் போதாது, எழுத்தைத் தொட்டுப் படிக்கணும், தன் கையாலேயே எழுதணும் என்று சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பே பிடிவாதமாக நின்றவர் ஒரு பள்ளி மாணவர். அவர்தான் லூயி பிரெயில்.

பட்டறையில் நடந்த விபத்து

பிரான்ஸ் தலைநகர் பாரிசுக்குக் கிழக்கே கூவ்ரே என்று ஒரு சின்ன ஊர். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இருக்கிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். 1809 ஜனவரி 4-ல் லூயி அங்கே பிறந்தார். அப்பா சிமோன் ரெனே, குதிரைகளுக்குச் சேணம் தைக்கும் தொழிலாளி. வீட்டோடு ஒட்டியே பட்டறை.

3 வயதில் லூயி அந்தப் பட்டறையில் தோலைக் குத்தி விளையாடிக்கொண்டிருந்தபோது, கூரான கருவி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்தது. காயத்தில் சீழ் பிடித்து, இன்னொரு கண்ணுக்கும் பரவியது. 5 வயதுக்குள் இரண்டு கண்ணிலும் பார்வை முழுசாகப் போய்விட்டது.

பெற்றோர் அவரை வீட்டு மூலையில் உட்கார வைக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். காதால் கேட்டே பாடத்தைப் பிடித்துக்கொண்டார் லூயி. ஆனால் மற்ற பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தால் அவருக்கு அதில் வேலை இல்லை.

படிக்கலாம்... ஆனா எழுத முடியாது

1819-ல், 10 வயதில், பாரிசில் இருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரசுப் பள்ளியில் சேர்ந்தார். வாலந்தீன் ஆயுய் என்பவர் தொடங்கிய பள்ளி அது. சாதாரண அச்செழுத்தையே பெரிதாக, தாளில் புடைத்து நிற்கிற மாதிரி அச்சடித்த புத்தகங்கள் அங்கே இருந்தன. ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் விரலால் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கணும். ஒரு வரி முடிவதற்குள் ஆரம்பம் மறந்துபோகும். புத்தகமோ தூக்க முடியாத கனம்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்த முறையில் மாணவர்களால் எழுத முடியாது. யாரோ அச்சடித்துக் கொடுத்ததைப் படிக்கலாம், அவ்வளவுதான்.

12 புள்ளி 6 ஆனது எப்படி?

1821-ல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி உருவாக்கிய புள்ளி எழுத்து முறை அந்தப் பள்ளிக்கு வந்தது. தாளில் ஊசியால் குத்தினால் மறுபக்கம் புள்ளி மேடாக எழும். கோட்டையும் வளைவையும் விட, புள்ளி விரலுக்குச் சட்டென்று தெரிந்தது. எழுதவும் முடிந்தது.

ஆனாலும் 2 குறைகள். ஓர் எழுத்துக்கு 12 புள்ளி வரை போனதால் விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அடுத்தது, அது ஒலியை மட்டும்தான் எழுதியது. சொல்லின் சரியான எழுத்து, நிறுத்தற்குறி எதற்கும் இடமில்லை. பார்வையில்லாதவர்களுக்கு இது போதும் என்று பார்பியே நினைத்தார். போதாது என்று நினைத்தார் அந்த மாணவர்.

பகலில் வகுப்பு, கிடைத்த நேரத்தில் எல்லாம் புள்ளி. 1824-ல், 15 வயதில், 12-ஐ 6 ஆகச் சுருக்கிவிட்டார். 1829-ல் அது புத்தகமாக வந்தது. எழுத்தோடு இசைக்குறிப்பும் அதில் இருந்தது. லூயி நல்ல ஆர்கன் கலைஞரும்கூட. பாரிஸ் தேவாலயத்தில் வாசித்தவர்.

முட்டை அட்டையை வச்சுப் புரிஞ்சுக்கலாம்

நாமக்கல்காரர்களுக்கு இது ரொம்ப ஈஸி. 30 முட்டை அட்டையில் 6 குழி மட்டும் வெட்டி எடுங்கள். 3 வரிசை, 2 பத்தி. இடப்பக்கம் மேலிருந்து கீழே 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. முட்டை இருக்கிற குழிதான் மேடான புள்ளி. எந்தெந்தக் குழியில் முட்டை வைக்கிறோம் என்பதை மாற்றினால் 63 விதமான அடையாளம் கிடைக்கும். மொத்தமும் விரல் நுனியைவிடச் சின்ன இடத்துக்குள்.

கையால் எழுதும்போது, கட்டம் போட்ட சட்டத்தில் தாளை வைத்து வலமிருந்து இடமாகக் குத்தணும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். குத்தும் கருவி? கண்ணைப் பறித்த கருவியைப் போலவே ஒரு கூர் ஊசி.

தடை போட்ட பள்ளி

லூயி அதே பள்ளியில் ஆசிரியரானார். மாணவர்கள் 6 புள்ளியை உடனே பிடித்துக்கொண்டார்கள். முதல்வர் பிஞ்ஞியே ஆதரவாக இருந்தார். ஆனால் 1840-ல் அவர் பதவி போனது. அடுத்து வந்த துய்ஃபோ, புள்ளி எழுத்துக்குத் தடை போட்டார்.

காரணம் என்ன? பார்வை உள்ளவர்கள் படிக்கும் அதே எழுத்தைத்தான் இவர்களும் படிக்கணும், தனி எழுத்து கொடுத்தால் தனியாகப் பிரிந்துவிடுவார்கள் என்ற வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனா அந்த எழுத்து ஆசிரியரின் கண்ணுக்குத்தான் வசதி, மாணவரின் விரலுக்கு இல்லை.

மாணவர்கள் விடவில்லை. ரகசியமாக எழுதினார்கள், குறிப்புகளைக் கை மாற்றினார்கள். துணை முதல்வர் கதேயும் இதன் பலனைப் புரிந்துகொண்டு துய்ஃபோவின் மனதை மாற்றினார். 1844-ல் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில், எல்லோர் முன்னிலையிலும் பிரெயில் முறை செய்து காட்டப்பட்டது.

பிரிவினை என்ற குற்றச்சாட்டுக்கு லூயியிடம் ஏற்கெனவே பதில் இருந்தது. பார்வை உள்ளவர்களும் படிக்கும்படி, சாதாரண எழுத்து வடிவத்தையே புள்ளிகளால் எழுதும் இன்னொரு முறையை 1839-ல் வெளியிட்டார். பார்வையற்ற நண்பர் பியேர் ஃபூக்கோ அதற்கு 1841-ல் ஒரு இயந்திரமே செய்தார். வீட்டுக்குக் கடிதம் எழுத இனி இன்னொருத்தர் கை தேவையில்லை.

இறந்த பிறகு வந்த மரியாதை

பல ஆண்டுகள் காசநோயோடு போராடிய லூயி, 1852 ஜனவரி 6-ல், 43-வது பிறந்தநாள் முடிந்து 2 நாளில் இறந்தார். பிரான்ஸ் அவருடைய முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல். அவர் அதைப் பார்க்கவில்லை. 1952-ல் நாட்டின் பெருமக்கள் உறங்கும் பாந்தியோனுக்கு அவர் உடல் மாற்றப்பட்டது. கைகள் மட்டும் சொந்த ஊர் கூவ்ரேயிலேயே இருக்கின்றன.

தமிழுக்கு எப்படி வந்தது?

தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் 1890-லேயே பார்வையற்ற பிள்ளைகளுக்கான கல்வி தொடங்கிவிட்டது. ஆனால் இந்திய மொழிகளுக்குப் பல விதமான புள்ளி முறைகள் இருந்து குழப்பியது. 1951-ல் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் வந்தது. அதில் 'அ' என்றால் புள்ளி 1. 'க' என்றால் 1, 3.

247 எழுத்துக்கும் தனித்தனி அடையாளம் தேவையில்லை. 'கெ' எழுத அச்சில் கொம்பு முன்னால் வரும். பிரெயிலில் முதலில் 'க', அடுத்து 'எ'. நாம் சொல்கிற வரிசையிலேயே எழுத்தும் வரும். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் வெவ்வேறு புள்ளி என்பதால் குழப்பமே இல்லை.

போன் பேசும் காலத்தில் இது எதுக்கு?

இன்று போனே செய்தியைப் படித்துக் காட்டுகிறது. பெரிய வசதிதான். ஆனால் கரியா கறியா, மனமா மணமா என்பதை, ஒலியை மட்டும் கேட்டு வளரும் குழந்தை எங்கே கற்றுக்கொள்ளும்? அதனால்தான் போன்களின் திரைவாசிப்பு வசதிக்குள்ளேயே 6 புள்ளி கீபோர்டும் இருக்கிறது. லூயியின் 6 புள்ளிதான் அது.

பார்வை இருந்தும் எழுத்து பிடிபடாமல் தவிக்கும் டிஸ்லெக்ஸியா குழந்தைகளுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. கற்றல் குறைபாட்டை 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுத ஆள் போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

மற்ற பிள்ளைகளுக்கு இல்லாதது இவனுக்கு மட்டும் எதுக்கு என்று யாராவது கேட்டால், 1840-ல் பாரிஸ் பள்ளியில் நடந்ததைச் சொல்லுங்கள். அந்தத் தடை 4 ஆண்டுகூட முழுசாக நிற்கவில்லை. மாணவர்களின் விரல்கள் விடவில்லை.