கிளாடியா ஜோன்ஸ்: திருவிழாவை விடையாக்கியவர்

1915இல் டிரினிடாட் தீவில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் 1924இல் நியூயார்க் சென்றார். பொதுவுடைமைக் கொள்கைக்காக அங்கே சிறைப்பட்டு, 1955இல் நாடு கடத்தப்பெற்று இலண்டனை அடைந்தார். 1958இல் கரிபியத் தீவினர்க்கென ‘வெஸ்ட் இந்தியன் கெசட்’ இதழைத் தொடங்கினார். அவ்வாண்டே நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தாக்கின. அதற்கு அவர் அளித்த விடை ஒரு திருவிழா.

தாயகத்தில் வெயிலில், தெருவில் ஆடப்பெறும் கார்னிவல், 1959 சனவரி 30ஆம் நாள் குளிருக்கு அஞ்சி மண்டபத்தினுள் அரங்கேறியது. விழா மலரின் வருவாயில் ஒரு பகுதி, அக்கலவரத்தில் தண்டம் விதிக்கப்பெற்ற கறுப்பு இளைஞர்க்கு மட்டுமன்றி வெள்ளை இளைஞர்க்கும் ஒதுக்கப்பெற்றது.

1962இல் டிரினிடாட் விடுதலை பெற்றது. 1964 திசம்பரில் அவர் இலண்டனிலேயே மறைந்தார். 1966இல் நாட்டிங் ஹில் தெருக்களிலேயே திருவிழா எழுந்தது. காண அவர் இல்லை.