நூறைத் தாண்டக் கூடாது: ராபர்ட் கோச் எண்ணிய கதை

நம்ம தேவகோட்டைப் பக்கம் குடிதண்ணி ஊருணியில காலை நனைச்சா பெரியவங்க சத்தம் போடுவாங்க. குளிக்க, துவைக்க வேற ஊருணி. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால இருக்கிற அறிவியலை ஒரு எண்ணாக மாற்றியவர், பள்ளிப் புத்தகத்துல பேரை மட்டும் படிச்சிட்டு நாம தாண்டிப் போன ராபர்ட் கோச்.

1843-ல் ஜெர்மனியின் கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். வீட்டில் 13 பிள்ளைகள். மருத்துவம் படிச்சு, வோல்ஸ்டைன் என்ற சின்ன ஊருக்கு அரசு டாக்டரா போனார். பெரிய லேப் கிடையாது. வீட்டிலேயே ஒரு மைக்ராஸ்கோப். அதை வெச்சே 1876-ல் ஆந்த்ராக்ஸ் நோய்க்குக் காரணம் எந்தக் கிருமி என்று காட்டினார். அடுத்த வருஷம் பாக்டீரியாவின் போட்டோக்களை வெளியிட்டார். கையால வரைஞ்சா வரையறவரோட எண்ணமும் படத்துக்குள்ள வந்துடும், போட்டோவை யாரும் சரிபார்க்கலாம் என்பது அவர் கட்சி.

பிறகு பெர்லின். 1881-ல் திட ஊடகத்தில் கிருமி வளர்க்கும் முறையைக் காட்டினார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி, விழுந்த இடத்திலேயே பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகுது. புள்ளியை எண்ணினா கிருமியை எண்ணின மாதிரி! ஆனா ஜெலட்டின் சூட்டில் உருகியது. உடன் வேலை செய்த ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, சமையலறையில் தான் பயன்படுத்திய அகரைச் சொன்னார். நம்ம வீட்டுல இனிப்பு செய்யிற அதே கடல்பாசிதான். 1887-ல் கோச்சின் உதவியாளர் பெட்ரி, மூடி போட்ட தட்டைக் கொண்டுவந்தார்.

இதற்கிடையே, 1883 டிசம்பரில் காலராவைத் தேடி கல்கத்தா வந்தார் கோச். குடிக்க, குளிக்க, துவைக்க என எல்லாத்துக்கும் ஒரே குளம். அந்தக் குளத்துத் தண்ணியிலேயே வளைந்த காலரா கிருமியைக் கண்டுபிடித்தார்.

சறுக்கலும் உண்டு. 1890-ல் காசநோய்க்கு மருந்து என்று டியூபர்குலினை அறிவித்தார். அதில் என்ன இருக்குன்னு முதலில் சொல்லவே இல்லை. மருந்து குணப்படுத்தவில்லை, பேர் கெட்டது.

1892-ல் ஹாம்பர்க்கில் காலரா சுமார் 8,600 பேரைக் கொன்றது. பக்கத்து ஊர் ஆல்டோனா அதே எல்பே ஆற்றுத் தண்ணியைத்தான் குடித்தது. ஆனா மணலில் வடிகட்டி. அங்கே பாதிப்பு மிகக் குறைவு. வடிகட்டிய தண்ணியைத் தினமும் சோதிக்கணும், ஒரு மில்லிக்கு 100 காலனியைத் தாண்டக் கூடாது என்று கோச் வரம்பு வைத்தார். 1905-ல் நோபல் பரிசு, 1910-ல் மறைவு.

இன்னைக்கு அந்தப் புள்ளிகளை போன் கேமராவும் பைத்தான் நிரலும் நொடியில் எண்ணிடும். ஆனா ஒட்டிக்கிட்ட இரண்டு காலனி ஒண்ணாத் தெரியும். காற்றுக்குமிழியும் தட்டு விளிம்பின் பளபளப்பும் காலனியாத் தெரியும். மாதிரியை 1,000 மடங்கு நீர்த்திருந்தா, 10 புள்ளி தப்பினாலே கணக்கு 10,000 மாறிடும். அந்தக் கணக்கை நம்பித்தான் ஒரு தெரு தண்ணி குடிக்குது.

அதனால புராஜெக்டுல இதைச் செய்யிறவங்க கடைசி எண்ணை மட்டும் நீட்டாதீங்க. நிரல் எதையெல்லாம் காலனின்னு எடுத்துக்கிச்சோ, அதைப் போட்டோ மேலேயே வட்டம் போட்டுக் காட்டுங்க. கையால எண்ணின கணக்கையும் பக்கத்துல வையுங்க. மத்தவங்க சரிபார்க்க முடிஞ்சப்போ கோச் ஜெயிச்சார். மூடி வெச்சப்போ தோத்தார்.