மேதை ஐன்ஸ்டைனின் இறுதி ஆண்டுகள்

ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் என்றதும் வாரப்படாத வெண்முடியும், தொளதொளத்த கம்பளிச் சட்டையும், காலுறை அணியாத கால்களும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. சார்பியல் கொள்கையைப் பற்றிய பாடம் முடிந்த ஒரு நாள், வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அறுவை மருத்துவம் செய்துகொள்ளுமாறு டாக்டர்கள் கூறியும் அவர் மறுத்துவிட்டாராமே, அது தன் உயிரைத் தானே போக்கிக்கொள்வதற்கு ஒப்பாகாதா, பாவமாகாதா என்பது அவள் கேள்வி. உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. மணியும் அடித்துவிட்டது. அவளுடைய தாத்தாவுக்கும் அதே நோய் கண்டிருக்கிறது என்பதும், அறுவை மருத்துவத்திற்கு வீட்டார் தயங்கிக்கொண்டிருக்கின்றனர் என்பதும் பின்னரே நமக்குத் தெரிய வந்தன. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இம்மேதையின் வரலாற்றை இங்கு எழுதப் புகுகிறோம்.

ஐன்ஸ்டைன் 1879ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 14ஆம் நாள் ஜெர்மனி நாட்டின் உல்ம் நகரில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை ஹெர்மன், தாய் பவுலின். அடுத்த ஆண்டே குடும்பம் மியூனிச் நகருக்குக் குடியேறியது. அங்கே அவர் முதன்முதலில் சேர்ந்தது ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் என்பது நம் மாணவியரில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். பள்ளியில் கத்தோலிக்க மறைக்கல்வியும் வீட்டில் யூத சமயக் கல்வியும் பெற்று வளர்ந்தார். நான்கைந்து வயதில் நோயுற்றுப் படுத்திருந்தபோது தந்தை கொண்டுவந்து காட்டிய திசைகாட்டி அவரை வியப்பில் ஆழ்த்திய கதையை நாம் அனைவரும் அறிவோம். 1902இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் எளிய பணியில் அமர்ந்ததும், 1905ஆம் ஆண்டில் பௌதிகத்தையே புரட்டிப்போட்ட கட்டுரைகளை வெளியிட்டதும், 1921ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பெற்றதும் பாட நூல்களிலேயே உள்ளன. ஆகவே அவற்றை இங்கு விரிக்கப் போவதில்லை.

1933இல் இட்லரின் ஆட்சி வந்ததும் ஐன்ஸ்டைன் தாய்நாட்டைத் துறந்து அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரை அடைந்தார். மெர்சர் தெரு 112ஆம் எண் வீடே இறுதிவரை அவருடைய இல்லமாயிற்று. 1936இல் இரண்டாம் மனைவி எல்சா காலமானார். 1939இல் தங்கை மாயா அண்ணனிடம் வந்து சேர்ந்தார். 1946இல் மாயாவுக்குப் பக்கவாதம் கண்டு படுத்த படுக்கையானார். அதன்பின் ஐந்தாண்டுகள், மாலைதோறும் அத்தங்கையின் கட்டிலருகே அமர்ந்து அவருக்கு நூல்களைப் படித்துக் காட்டுவதை ஐன்ஸ்டைன் ஒரு கடமையாகவே கொண்டிருந்தார். உலகம் புகழும் மேதை, பேச்சும் தளர்ந்துபோன தங்கைக்குப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்த அந்தக் காட்சி, அவருடைய சமன்பாடுகளைவிட நம் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

இருப்பினும் அவரைப் புனிதர் என்று காட்ட நாம் முயலவில்லை. முதல் மனைவி மிலேவாவுடன் அவர் நடத்திய இல்லறம் கசந்தே முடிந்தது. இளைய மகன் எடுவர்ட் மனநோயால் சூரிக் நகர மருத்துவமனையில் நெடுங்காலம் வாடினான். 1933க்குப் பின் அம்மகனைத் தந்தை நேரில் காணவே இல்லை. பெரியோர் வாழ்க்கையை எழுதும்போது இத்தகைய பக்கங்களைக் கிழித்தெறிவது முறையன்று.

இனி நோய்க்கு வருவோம். 1948க்கு முந்திய சில ஆண்டுகளாகவே ஐன்ஸ்டைனுக்கு மேல்வயிற்றில் கடும் வலி அவ்வப்போது வரும். இரண்டு மூன்று நாட்கள் வாந்தியுடன் வாட்டிவிட்டு மறையும். சில திங்கள் கழித்து மீண்டும் வரும். பித்தப்பைக் கோளாறாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. 1948 டிசம்பரில் நியூயார்க் புரூக்லின் பகுதியில் உள்ள யூத மருத்துவமனையில், டாக்டர் ருடோல்ப் நிசன் அவருடைய வயிற்றைத் திறந்து பார்த்தார். நிசனும் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதரே. துருக்கியில் சில ஆண்டுகள் பணியாற்றியபின் அமெரிக்கா சேர்ந்தவர். ஒரே கொடுங்கோன்மையால் விரட்டப்பட்ட இருவர், ஒருவர் கத்தி ஏந்தியவராகவும் மற்றவர் மேசைமேல் கிடப்பவராகவும் அங்கே சந்தித்தனர்!

பித்தப்பையில் கல் ஏதுமில்லை. ஆனால் அடிவயிற்றின் ஊடே செல்லும் பெருந்தமனி, பெரிய சாத்துக்குடிப் பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. இதயத்திலிருந்து புறப்பட்டு உடல் முழுவதற்கும் குருதியைக் கொண்டுசெல்லும் முதன்மைக் குழாயே பெருந்தமனி. வயிற்றில் அதன் இயல்பான அகலம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர்தான். முதுமையாலும் வேறு காரணங்களாலும் அதன் சுவர் நலிந்தால், பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல அது புடைக்கத் தொடங்கும். புடைக்கப் புடைக்கச் சுவர் மெலியும். மெலிந்த சுவரை ஒவ்வொரு இதயத் துடிப்பும் மேலும் தள்ளும். ஒரு நாள் அது கிழிந்தால் குருதி வயிற்றுக்குள் பாய்ந்து, பலர் மருத்துவமனையை அடையுமுன்பே உயிரிழப்பர். புகைபிடிப்போருக்கு இந்நோய் மிகுதி என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. ஐன்ஸ்டைனோ புகைக்குழாயைப் பல்லாண்டுகள் பிரியாதவர்! வீட்டில் தந்தையர் இதனைப் படிப்பாராயின், இவ்வரியை இன்னொரு முறை படிக்க வேண்டுகிறோம்.

வீங்கிய தமனியை வெட்டியெடுத்து வேறு குழாய் பொருத்தும் கலை 1948இல் பிறக்கவில்லை. பாரிஸ் நகரில் டாக்டர் சார்லஸ் துபோ, இறந்தவர் ஒருவரின் தமனியை எடுத்துப் பொருத்தி முதல் வெற்றி கண்டது 1951 மார்ச்சில்தான். ஆகவே நிசன் அன்று இருந்த வழிகளுள் ஒன்றை மேற்கொண்டார். பண்டங்களைச் சுற்றப் பயன்படும் செலோபேன் தாளைக் கொண்டு வீக்கத்தைச் சுற்றிவிட்டார். கேட்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் காரணம் உண்டு. அந்நியப் பொருள் பட்டதும் உடல் அதைச் சுற்றித் தடித்த தழும்புத் திசுவை வளர்க்கும். அத்தழும்பே மெலிந்த சுவருக்குக் கச்சை கட்டியதுபோல் அமையும் என்பது மருத்துவரின் எதிர்பார்ப்பு. அறுபத்தொன்பது வயது நோயாளி ஏறத்தாழ மூன்று வாரங்களில், 1949 ஜனவரியில், வீடு திரும்பினார். படுத்திருந்த தங்கைக்கு மாலை வாசிப்பு மீண்டும் தொடர்ந்தது.

வீக்கம் அகன்றுவிடவில்லை என்பதும், அது மெல்லப் பெருகி வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும். எந்நாளும் கிழியலாம் என்பதும் தெரியும். இதை அறிந்த ஒருவர் எப்படி வாழ்வார்? 1950 மார்ச்சில் தம் உயிலில் கையொப்பமிட்டார். 1951 ஜூனில் மாயா கண் மூடினார். 1952இல் இஸ்ரேல் நாட்டின் குடியரசுத் தலைவர் பதவி தேடி வந்தபோது, அதற்குத் தாம் ஏற்றவரல்லர் என்று பணிவுடன் மறுத்தார். வயலின் வாசிக்க விரல்கள் ஒத்துழையாதபோது பியானோவை நாடினார். இயற்கையின் விசைகளை எல்லாம் ஒரே கொள்கைக்குள் அடக்கும் கணக்கை நாள்தோறும் போட்டார், அது கைகூடவில்லை. வெடிப்பதானால் வெடிக்கட்டும் என்ற போக்கிலேயே தம் நோயைப் பற்றிப் பேசுவார் என்று நண்பர்கள் எழுதி வைத்துள்ளனர்.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், அணு ஆயுதப் போரைக் கைவிடுமாறு உலக அரசுகளை வேண்டும் அறிக்கையில், தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசலின் வேண்டுகோளை ஏற்றுக் கையொப்பமிட்டார். இரண்டு நாட்களில் வீட்டிலேயே சுருண்டு விழுந்தார். தமனி கசியத் தொடங்கிவிட்டது. 14ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து டாக்டர் பிராங்க் கிளென் வந்து பார்த்து, அறுவை மருத்துவம் செய்து பார்க்கலாம் என்றார். ஐன்ஸ்டைன் உடன்படவில்லை. தம் பங்குக்கு உழைத்துவிட்டதாகவும், செயற்கையாக வாழ்நாளை நீட்டிப்பதில் தமக்கு விருப்பமில்லை என்றும் தெரிவித்தார். மறுநாள் மருத்துவமனைக்குச் செல்ல மட்டும் இசைந்தார். அதுவும், வீட்டில் தம்மைப் பேணுவது செயலாளர் ஹெலன் டூகாஸ் அம்மையாருக்குத் தாங்கொணாச் சுமையாகும் என்று எடுத்துரைத்த பிறகே.

மாணவியின் கேள்விக்கு இங்கே வந்து நிற்கிறோம். அன்று அந்த அறுவை மருத்துவம் பிறந்து நான்கே ஆண்டுகள். கசியத் தொடங்கிய தமனியை எழுபத்தாறு வயது உடலில், அதுவும் பழைய தழும்புக்கு அடியில் தேடிப் பிடித்துச் சீர்செய்வது மிக அரிய செயல். பிழைப்பார் என்ற உறுதியை எவரும் அளிக்கக்கூடிய நிலை இல்லை. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர், 1957 நவம்பரில் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இதே சிக்கலைத் தெளிவாக்கினார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளும் கடமை மனிதனுக்கு உண்டு. ஆள், இடம், காலம் ஆகியவற்றை நோக்கப் பெருஞ்சுமையாகும் வழிகளை மேற்கொள்ளும் கட்டாயம் இல்லை என்பதே அவ்வுரையின் கருத்து. திருச்சபையைச் சேராத ஐன்ஸ்டைன் இவ்வுரைக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். எனினும் அவர் செய்ததைத் தற்கொலை என்று கூற நமக்கு நாவெழவில்லை. 1948இல் அதே மனிதர் கத்திக்குத் தம்மை ஒப்புவிக்கத் தயங்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்த மாணவியின் தாத்தாவின் நிலையோ முற்றிலும் வேறு. இன்று ஒலி அலைக் கருவியான ஸ்கேன் வலியின்றி வீக்கத்தை அளந்து காட்டுகிறது. ஐந்தரை சென்டிமீட்டர் அளவை எட்டும்போது பொதுவாக ஆண்களுக்கு அறுவை மருத்துவத்தைப் பரிந்துரைக்கின்றனர். 1990இல் ஆர்ஜென்டினா நாட்டு டாக்டர் பரோடி செய்து காட்டிய முறைப்படி, வயிற்றைத் திறக்காமல் தொடையிலுள்ள தமனி வழியாகவே உள்குழாயைச் செலுத்திவிடவும் முடிகிறது. கிழிவதற்கு முன் நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கும், கிழிந்த பின் செய்யும் அறுவைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஐன்ஸ்டைனைக் காட்டி எவரும் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடலாகாது. அவருக்கு 1955இல் கிடைக்காதது நமக்குக் கிடைத்திருக்கிறது.

கலிபோர்னியாவிலிருந்து மூத்த மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் விமானமேறிச் சனிக்கிழமை வந்து சேர்ந்தார். வளர்ப்பு மகள் மார்கோவும் நோயுற்று அதே மருத்துவமனையில் இருந்தமையால், சக்கர நாற்காலியில் வந்து தந்தையைக் கண்டார். கண்ணாடியையும் கணக்குத் தாள்களையும் கொண்டுவரச் சொல்லி ஐன்ஸ்டைன் படுக்கையிலேயே எழுதினார். அது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. அன்றிரவு உறங்கினார். திங்கள் விடியற்காலை ஒரு மணி அளவில் மூச்சு மாறியதைக் கண்ட தாதி அருகில் சென்றார். ஐன்ஸ்டைன் ஜெர்மன் மொழியில் ஏதோ சில சொற்கள் கூறினார். தாதிக்கு ஜெர்மன் தெரியாது. 1 மணி 15 நிமிடத்திற்கு உயிர் பிரிந்தது.

பிணப் பரிசோதனையில் தமனி கிழிந்திருந்தது உறுதியாயிற்று. அப்போது மருத்துவர் ஒருவர் குடும்பத்தாரை முன்னதாகக் கேளாமலே மூளையை எடுத்து வைத்துக்கொண்டார். இது நமக்கு உடன்பாடான செயலன்று. உடல் அன்றே டிரென்டன் நகரில் எரியூட்டப்பட்டு, சாம்பல் வெளியே அறிவிக்கப்படாத ஓரிடத்தில் தூவப்பட்டது. கல்லறையும் இல்லை, நினைவுத் தூணும் இல்லை. தம் வீடு காட்சிச்சாலை ஆகக் கூடாது என்பது அவர் விருப்பம். அதன்பின் மார்கோ அங்கே 1986இல் இறக்கும்வரை வாழ்ந்தார். இன்றும் மெர்சர் தெருவில் நடப்போர் காண்பது, மற்ற வீடுகளைப் போன்ற ஒரு வெள்ளை மர வீட்டைத்தான்.